இரண்டு பேர் உட்காரும் வண்டி

ஜனக்புரி, புது டெல்லி
7-9-1986

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி லிங்கம் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். ஐந்து மாதமாகக் கடிதம் போடாததற்கு நீ திட்டப்போவது தெரியும். திட்டையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு முதலில் விஷயத்தைக் கேள்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஷெட்டுக்கு ஒரு வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். நான் இன்னும் அதே இடத்தில்தான் வேலை பார்க்கிறேன், சாணக்யபுரியில் மால்சா மார்க் கடைகளுக்குப் பின்னால். தூதரகத்து வண்டிகளும், தூதரகத்துக்காரர்கள் விற்றுவிட்டுப் போன வண்டிகளும் எங்களிடம்தான் வரும். தார்ப்பாயை விலக்கினால் பச்சை நிறம். இரண்டே சீட்டு. எஞ்சின் சீட்டுக்குப் பின்னால். டெல்லியில் பச்சை வண்டி இது ஒன்றுதானா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பின்மூடியைத் திறந்தேன். காற்று போகிற ரப்பர் குழாயில், வளையும் இடத்தில், கறுத்துக் கல்லாகிப் போன துணி பிளாஸ்திரி ஏழெட்டுச் சுற்று இருந்தது.

நீ சுற்றியது, அக்கா. நீ ஜெர்மனிக்குக் கிளம்பிய அன்று பாலம் விமான நிலையத்துக்குப் போகிற வழியில், தௌலா குவானில் குழாய் பிய்ந்து வண்டி நின்றதே, அப்போது உன் கைப்பையிலிருந்து எடுத்து நர்ஸ் கட்டுப் போடுகிற மாதிரி சுற்றினாயே, அதேதான். பத்து வருஷமாக ஒருவரும் பிரிக்கவில்லை. உன் கட்டு அவ்வளவு உறுதி.

இப்போது வண்டி ஒரு கம்பளி வியாபாரியிடம் இருக்கிறது. நான்கு வருஷமாக ஓடாமல் கிடந்ததாம். ஸ்டார்ட் ஆகிறது, சும்மா நிற்கும்போது ஒழுங்காகத்தான் இருக்கிறது. மிதித்தால் விக்குகிறது, முக்குகிறது, செத்துப்போகிறது. பிளக் மாற்றினேன், பெட்ரோல் பம்ப் மாற்றினேன், டாங்கியைக் கழற்றிக் கழுவினேன். கடைசியில் கண்டுபிடித்தேன், ஏர்ஃப்ளோ மீட்டர் போய்விட்டது. இந்த ஊரில் அது கிடைக்காது. எங்கள் தலைமை மெக்கானிக், உஸ்தாத் குர்மீத், "சோடோ யார், அம்பாஸடர் கார்புரேட்டர் லகா தோ" என்கிறான், இதை விட்டுவிட்டு அம்பாஸடர் கார்புரேட்டரை மாட்ட வேண்டுமாம். எனக்கு மனசு வரவில்லை. அந்த மீட்டர் பெட்டியின் மேல் உள்ள எண்ணைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். அந்த ஊர் வண்டிதானே, அங்கே பழைய வண்டி உடைக்கிற இடத்தில் ஒன்று கிடைக்குமா என்று பார்ப்பாயா? கடைசி மூன்று எண்ணும் அப்படியே இருக்க வேண்டும்.

வீட்டுக்காரி தங்கமும் எங்கள் பாப்பாவும் உன்னை விசாரித்தார்கள். அப்பா சுகம்.

உன் தம்பி,
ஜோதிலிங்கம்


கொலோன்
24-9-1986

அன்புள்ள லிங்கத்துக்கு,

பத்து வருஷத்தில் நீ எழுதிய கடிதங்களை எண்ணினால் இருபது தேறாது. இந்த ஒன்றும் ஒரு ஸ்பேர் பார்ட்டுக்காக. அக்கா என்றால் உனக்குக் கடைக்காரி என்று நினைப்பு. நல்லவேளை, பச்சை வண்டி என்று எழுதினாய், இல்லாவிட்டால் தாளைக் கிழித்திருப்பேன்.

பிளாஸ்திரி இன்னுமா இருக்கிறது! டியூட்டி அறையில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். கூட வேலை செய்கிற சந்திரம்மாள், நம் வேலூர்ப் பக்கத்துப் பெண், "என்னடி வடிவு, லாட்டரியா?" என்று கேட்டாள். அவளுக்கு முழுக்கதையும் சொல்லும்படி ஆயிற்று. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தௌலா குவானில் நான் வண்டி தள்ளியதையும், பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்ததையும், நீ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம், அக்கா, ஜல்தி, ஜல்தி" என்று கத்தியதையும் சொன்னேன். எனக்குக் கையெல்லாம் மசி. அந்தக் கையோடுதான் விமானம் ஏறினேன்.

அதற்கு முந்தியதை அவளிடம் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லை. ஜெர்மனிக்குப் போவதைப் பற்றிப் பொங்கலன்று அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு நர்ஸ் விடுதிக்கு வந்தவள், அந்த ஒரு மாதமும் ராங்கியாகத்தான் இருந்தேன். ஆனால் உன்னிடம் சொல்லி அனுப்பினேன் அல்லவா, கிளம்புகிற அன்று மட்டும் அப்பாவை அழைத்து வா, காலில் விழுந்துவிட்டுப் போகிறேன் என்று. விடுதி வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு ஓடி வந்தேன். இரண்டு பேர் வண்டி. அதில் நீ மட்டும். "அப்பா வரலைன்னுட்டாரு, அக்கா" என்றாய். நான் மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வராதவருக்கு நான் என்ன எழுதுவது? அவர் ஒரு வரி எழுதட்டும் என்று இருந்தேன். பத்து வருஷம் ஆகிவிட்டது. நீ "அப்பா சுகம்" என்று எழுதுகிற அந்த இரண்டு சொல்லை மட்டும் படித்துக்கொள்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் நிற்காததற்குக் காரணம் அந்த நாள்தான். எனக்கென்று ஒருவன் வந்தான், ராஜா வீட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அந்த நன்றி சாகும்வரை இருக்கும்.

சனிக்கிழமை லீவு. உன் பெட்டியைத் தேடிப் பார்க்கிறேன். அது எதற்கு உதவுகிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. கடைக்காரனிடம் திருதிருவென்று விழிக்க முடியாது.

உன் பிரியமுள்ள அக்கா,
வடிவு


புது டெல்லி
14-10-1986

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பதில் எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன். ஆயுத பூஜை வேலை வேறு. ஷெட்டில் எல்லா ஸ்பேனருக்கும் சந்தனம் வைத்தோம். குர்மீத் தன் நெற்றியிலும் வைத்துக்கொண்டான். பச்சை வண்டிக்கும் ஒரு மாலை போட்டேன், ஓடாத வண்டிக்கு எதற்கு என்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். அந்த வண்டியில் கார்புரேட்டர் கிடையாது. ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு அலுமினியப் பெட்டி. அதற்குள் ஒரு சின்னக் கதவு, ஸ்பிரிங் போட்டது. எஞ்சின் மூச்சு இழுக்கிறபோது காற்று அந்தக் கதவைத் தள்ளும். நிறையக் காற்று வந்தால் நிறையத் திறக்கும். கதவோடு ஒரு மெல்லிய முள் இருக்கிறது, அது ஒரு கறுப்புத் தடத்தின் மேல் தேய்ந்துகொண்டே போய், இவ்வளவு காற்று வந்திருக்கிறது என்று வண்டியின் மூளைக்குத் தகவல் சொல்லும். மூளை அதற்குத் தக்கபடி பெட்ரோல் விடும்.

இதில் தடம் தேய்ந்துவிட்டது. மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்து, மின்சாரம் அளக்கிற மீட்டரை வைத்துக் கதவை விரலால் தள்ளிப் பார்த்தேன். ஊசி ஒழுங்காக ஏறுகிறது, ஒரு இடத்தில் மட்டும் பொத்தென்று விழுகிறது. காற்று வந்துகொண்டிருக்கிறது, ஆனால் வரவே இல்லை என்று சொல்கிறது. மூளைக்குக் காற்றைப் பார்க்க வேறு கண் இல்லையே, சொன்னதை நம்பிப் பெட்ரோலை நிறுத்திவிடுகிறது. எஞ்சின்மேலும் குற்றம் இல்லை, மூளைமேலும் குற்றம் இல்லை. நடுவில் இருப்பதுதான் பொய் சொல்கிறது.

தேய்ந்த தடத்தை ஒட்ட வைக்க முடியாது. மாற்றத்தான் வேண்டும்.

என்னை அவ்வளவு நல்லவனாக நினைக்காதே, அக்கா. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

உன் தம்பி,
லிங்கம்


கொலோன்
5-11-1986

அன்புள்ள லிங்கத்துக்கு,

கிடைத்துவிட்டது! மூன்று சனிக்கிழமை, நான்கு இடம். மழையில் சேறு முழங்கால் வரை. கடைசி இடத்துக் கிழவனார் என்னைப் பார்த்ததும், ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்து ரோட்டைக் காட்டினார். பெட்டியின் எண்ணை மணிக்கட்டில் எழுதி வைத்திருந்தேன், நோயாளியின் ஜுரத்தைக் குறித்துக்கொள்கிற மாதிரி. கையை நீட்டிக் காட்டினேன். கதவு, முள், தடம் எல்லாம் நீ எழுதியபடியே சொன்னேன். அவர் வாயைப் பிளந்துவிட்டார். கூடவே வந்து அவரே கழற்றிக் கொடுத்தார். நீ சொன்ன மாதிரி மீட்டர் வைத்து ஊசியையும் ஏற்றிக் காட்டினார், எங்கும் விழவில்லை. வீட்டுக்கு வந்து ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டால் துடைத்தேன். பளபளவென்று இருக்கிறது.

சந்திரம்மாள் பதினாறாம் தேதி டெல்லி வழியாக ஊருக்குப் போகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். அடிபடாமல் இருக்க ஒரு ஸ்வெட்டரில் சுற்றியிருக்கிறேன். சாம்பல் நிறம். வேண்டுமானால் போட்டுக்கொள், வேண்டாவிட்டால் எண்ணெய் துடைக்க வைத்துக்கொள்.

சந்திரம்மாள் என்னையும் வா வா என்று நச்சரிக்கிறாள். பத்து வருஷம் முடித்தவர்களுக்கு இரண்டு மாதச் சம்பள லீவு உண்டு. மார்ச் மாதத்துக்குள் எடுக்காவிட்டால் போய்விடும். "யார் காத்திருக்கிறார்கள் எனக்கு" என்றேன். அவள் தன் துணிப்பெட்டியை அடுக்கத் தொடங்கினாள். அவள் அறையிலிருந்து திரும்பி வந்தபோது எனக்கு அழுகை வந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

வண்டி ஓடினால் எழுது. "மற்றதைப் பிறகு எழுதுகிறேன்" என்றாயே, அது என்ன? தங்கத்துக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

உன் பிரியமுள்ள அக்கா,
வடிவு


புது டெல்லி
24-11-1986

அன்புள்ள அக்கா,

பெட்டி பத்திரமாக வந்தது. மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான்கு போல்ட், ஒரு பிளக், ஒரு குழாய். குழாயைப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. உன் பிளாஸ்திரியை அறுக்க பிளேடு தேவைப்பட்டது. அந்தத் துண்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

சாவியைத் திருப்பினேன். மிதித்தேன். விக்கல் இல்லை, முக்கல் இல்லை. பத்து வருஷத்துக்கு முந்தைய அதே சத்தம். குர்மீத் "வாஹ் மெட்ராஸி" என்று முதுகில் அறைந்தான். எனக்குச் சந்தோஷமாக இல்லை.

ஸ்வெட்டர் என் அளவு இல்லை, அக்கா. எனக்குத் தொப்பை விழுந்துவிட்டது என்று உனக்குப் போட்டோவிலேயே தெரியும். அது உயரமான, ஒடிசலான ஒருவருக்கு எடுத்தது. எண்ணெய் துடைக்கவாம்! யாரிடம் சொல்கிறாய்?

வீட்டு மேஜைமேல் வைத்திருந்தேன். அப்பா தொட்டுப் பார்த்தார். "யாருது?" என்றார். அக்கா பார்ட்டைச் சுற்றி அனுப்பினது என்றேன். எடுத்துப் போட்டுக்கொண்டார். தோள் சரியாக நின்றது. பாப்பா "தாத்தா ஹீரோ லக் ரஹே ஹைன்" என்று கைதட்டினாள், தாத்தா ஹீரோ மாதிரி இருக்கிறாராம். மறுநாள் ஞாயிறு. வண்டியை ஓட்டிப் பார்க்க எடுத்தபோது அப்பா அந்த ஸ்வெட்டரோடு ஷெட்டுக்கு வந்து நின்றார். "இதுதானா வடிவு பார்ட் அனுப்பின வண்டி? ஒரு சுத்து கூட்டிட்டுப் போ" என்றார். நீ உட்கார்ந்த சீட்டில் உட்கார்ந்தார்.

எங்கே போகிறேன் என்று நினைக்காமலே பாலம் ரோட்டில் போய்விட்டேன். விமான நிலையப் பலகை தெரிந்ததும் அப்பா சொன்னார்: "ஏண்டா, இம்புட்டுப் பக்கமா ஏர்ப்போர்ட்டு? ப்ளேன் நேரம் மாறிப்போச்சுன்னு அன்னைக்குக் காலையிலயே ஒரு வார்த்தை வந்திருந்தா, பஸ்ஸைப் புடிச்சாச்சும் வந்திருப்பேனே."

நான் வண்டியை ஓரம் கட்டினேன்.

அக்கா, ப்ளேன் நேரம் மாறவில்லை. அப்பா வர மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. நான் போய் உன் செய்தியைச் சொன்னபோதே சரி என்றார். அன்று காலையில், அப்போது நாம் இருந்த கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் அவரே எலுமிச்சம்பழச் சோறு கிளறி, உனக்கு இலையில் கட்டி வைத்தார். மூடின காலர் கோட்டைப் போட்டுக்கொண்டார். நான் டாக்ஸி கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஷெட்டுக்குப் போனேன். அங்கே பச்சை வண்டியைக் கொடுத்து, தூதரகத்தில் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். அந்தச் சாவி ஒரு நாள், ஒரே நாள்தான் என் கையில் இருக்கும். எனக்கு வயது இருபத்துநான்கு. உன்னை அதில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாலம் விமான நிலையத்தில் இறக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதில் மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லை.

உன்னிடம் அப்பா வரவில்லை என்றேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய், ப்ளேன் மத்தியானமே கிளம்பிவிட்டது, அக்கா அவசரமாகப் போய்விட்டாள் என்றேன். அந்தச் சோற்றையும் நானே தின்றேன்.

ஒரு மாதத்தில் நீங்கள் இருவரும் கடிதம் எழுதிச் சமாதானமாகிவிடுவீர்கள், விஷயம் தெரிந்தால் ஆளுக்கு ஒரு அறை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ அவர் எழுதட்டும் என்று இருந்தாய். அவர், போகிறவள் சொல்லாமல் போனாள், அவள் எழுதட்டும் என்று இருந்தார். வருஷம் போகப் போக எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெட்டியை மீட்டர் வைத்துச் சோதித்தபோதே தெரிந்தது, உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் அதுதான் என்று.

அப்பாவிடம் எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். அவர் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டியைத் திருப்பு" என்றார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "அவளுக்கு எழுதிட்டியா?" என்றார். இல்லை என்றேன். "எழுது. அதுவரைக்கும் எங்கிட்டப் பேசாத" என்றார்.

எழுதிவிட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

லிங்கம்


புது டெல்லி
22-12-1986

அக்கா,

பதில் இல்லை. தபால் தாமதம் என்று சொல்லிக்கொள்கிறேன். வண்டியை வியாபாரியிடம் ஒப்படைத்துவிட்டேன். அப்பா தினமும் மத்தியானம் தபால்காரன் வரும்வரை பால்கனியில் நிற்கிறார். என்னோடு இன்னும் பேசவில்லை, தங்கத்திடம்தான் எல்லாம். ஏதோ எழுதித் தபாலில் போட்டார். உன் முகவரியைப் பாப்பாவை விட்டு என்னிடம் கேட்டு வாங்கினார்.

திட்டியாவது எழுது.

லிங்கம்


கொலோன்
6-1-1987

லிங்கத்துக்கு,

உன் கடிதம் டிசம்பர் நான்காம் தேதி வந்தது. படித்துவிட்டு மேஜை டிராயருக்குள் போட்டு மூடினேன். பதினைந்து நாள் அந்த டிராயரைத் திறக்கவில்லை. கோபம் என்று சொன்னால் அது சின்னச் சொல். பதினொரு தீபாவளி, பத்து பொங்கல். வார்டில் வயதான நோயாளி யாராவது தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அத்தனையும் நீ ஒரு வண்டி ஓட்டுவதற்காக.

இருபதாம் தேதி அப்பாவின் கடிதம் வந்தது. முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஃபைல் எழுதிய கை, பெண்ணுக்கும் அப்படியே எழுதியிருக்கிறார். "10-2-76 அன்று பிற்பகல் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஸ்வெட்டர் அளவு சரியாக உள்ளது. கை மட்டும் ஓர் அங்குலம் நீளம். மடித்துக்கொண்டேன். உன் வருகையை எதிர்பார்க்கிறேன்." இவ்வளவுதான். கீழே முழுப் பெயரும் போட்டுக் கையெழுத்து, பாலசுப்ரமணியம் என்று. அதைப் படித்துவிட்டு நான் அழுத அழுகையை உனக்கு எழுத மாட்டேன்.

லீவு கேட்டு வாங்கிவிட்டேன். ஜனவரி முப்பத்தொன்று, சனிக்கிழமை. எத்தனை மணிக்கு வந்து இறங்குகிறேன் என்பதை அப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. வந்து உன் முகத்தைப் பார்த்தால் ஒருவேளை தெரியும். ஆனால் அதற்குமுன் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு ஒரு டாக்ஸி பிடித்துக் கொடு. அதில் முன்னால் ஒருவர், பின்னால் மூவர் தாராளமாக உட்காரலாம், இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் நீ அதில் ஏறாதே. தங்கமும் பாப்பாவும் வரட்டும். எலுமிச்சம்பழச் சோறு அப்பா கிளறுவார், இலையில் அவரே கட்டுவார். இந்தத் தடவை அதில் ஒரு பருக்கைகூட நீ தொடக் கூடாது.

நீ கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நில். நாங்கள் எத்தனை மணிக்கு வருவோம் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். வருவோம்.

அக்கா,
வடிவு